பைலட் எழுதியதும் மெக்கானிக் படித்ததும்

"மலருக்கு ஏதாவது வரலாறு எழுதிக் கொடுப்பா, கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பதினாறு வந்துவிட்டது" என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். அவர் சொல்லைத் தட்ட முடியாது. எனக்குத் தெரிந்த வரலாறு ஒன்றே ஒன்றுதான். அதை எழுதுகிறேன்.

கம்மாபுரத்துக்காரனுக்கும் விமானத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று என் வகுப்புத் தோழர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. எங்கள் பக்கம் வானத்தை நிமிர்ந்து பார்த்தால் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிதான் தெரியும். சுரங்கம், கன்வேயர், ஷிப்ட் பஸ் இவற்றோடு வளர்ந்தவன் நான். மெக்கானிக்கல் படித்துவிட்டு, எப்படியோ விமானப் பராமரிப்பு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். போன பிறகுதான் ஒன்று புரிந்தது. விமானத்தைப் பறக்க வைப்பது எஞ்சினும் இறக்கையும் மட்டும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் சேர்ந்துதான் அதைப் பறக்க வைக்கிறது. பைலட் அதில் குறையை எழுதுவார், மெக்கானிக் படித்துச் சரி செய்து கையெழுத்துப் போடுவார். 'டெக் லாக்' என்று அதற்குப் பெயர். இந்தக் கட்டுரை அந்த நோட்டின் கதை.

கூரைக் கொட்டகைக் காலம்

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி. கராச்சியிலிருந்து தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஜே.ஆர்.டி. டாடா ஒரு சின்னஞ்சிறு 'புஸ் மாத்' விமானத்தில் கிளம்பினார். அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹூவில் வந்து இறங்கினார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் தபாலை பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவின் சொந்த விமானப் போக்குவரத்து இப்படித்தான் பிறந்தது. கம்பெனியின் மொத்தச் சொத்து, இரண்டு குட்டி விமானங்களும் ஜுஹூவில் ஒரு கூரைக் கொட்டகையும்தான். ஆட்கள் என்று பார்த்தால் இரண்டு மூன்று பைலட்டுகள், ஒரு பகுதி நேர இன்ஜினியர், பயிற்சி மெக்கானிக்குகள் இரண்டு பேர்.

அந்தக் காலத்தில் பைலட்டுக்கும் மெக்கானிக்குக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. பைலட் இறங்கியதும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "எஞ்சின் ஒரு மாதிரி இருமுது, கொஞ்சம் பாரு" என்பார். மெக்கானிக் உடனே எஞ்சின் மூடியைத் திறந்து, "எந்த வேகத்துல? ஏறும்போதா, இறங்கும்போதா?" என்று கேட்பார். கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

விமானம் பெரிதாகப் பெரிதாக அந்த இடைவெளியும் பெரிதானது. நடுவில் சில பத்தாண்டுகள் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சூப்பர் கான்ஸ்டெலேஷன், போயிங் 707, பழைய 747 போன்ற பெரிய விமானங்களில் காக்பிட்டிலேயே மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் ஃப்ளைட் இன்ஜினியர். பைலட்டின் பேச்சும் மெக்கானிக்கின் பேச்சும் அவருக்குப் புரியும். இறங்கியதும் அவரே ஹாங்கர் ஆட்களிடம் விவரமாகச் சொல்லிவிடுவார். 1980-களில் கம்ப்யூட்டர் நிறைந்த விமானங்கள் வந்ததும் அந்த மூன்றாவது நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். 1989-இல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்த ஏர்பஸ் ஏ-320-இல் இரண்டே பேர்தான். செலவு மிச்சம், நியாயம்தான். ஆனால் அந்த மனிதர் செய்துவந்த மொழிபெயர்ப்பு வேலை முழுவதும் அந்த நோட்டின் தலையில் வந்து விழுந்தது.

நோட்டு எப்படி வேலை செய்கிறது?

மாணவத் தம்பி தங்கைகளுக்காக இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறக்கும்போது கண்ட குறையைப் பைலட் எழுதுகிறார். அதை எங்கள் பாஷையில் 'ஸ்னாக்' என்போம். லைசென்ஸ் பெற்ற பராமரிப்பு இன்ஜினியர் அதைப் படித்து, என்ன செய்தேன் என்று எதிரே எழுதிக் கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் நகராது. இந்தியாவில் லாக் புக் வைத்திருக்க வேண்டும் என்பது 1937-ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே இருக்கிறது.

எல்லாக் குறையையும் உடனே சரி செய்யவும் முடியாது. எதெது பழுதாக இருந்தாலும் பறக்கலாம், எத்தனை நாளுக்குப் பறக்கலாம் என்று 'எம்.இ.எல்.' என்ற பட்டியல் சொல்லும். சிலவற்றுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 10 நாள், இன்னும் சிலவற்றுக்கு 120 நாள் வரை கெடு உண்டு. கெடுவுக்குள் சரி செய்தே ஆக வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் ஓட்டையே இல்லாத ஏற்பாடு. சிக்கல் எங்கே என்றால், பைலட் குறையைக் கண்டது 35,000 அடி உயரத்தில், வெளியே மைனஸ் 50 டிகிரிக் குளிரில், அதிர்வுக்கு நடுவே. மெக்கானிக் அதைத் தேடுவது தரையில், நிற்கிற விமானத்தில், சென்னை வெயிலில். மேலே குளிரில் விரிசல் விட்டு அறுந்துபோகிற மின் இணைப்பு கீழே வந்ததும் சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். சோதனை செய்தால் எல்லாம் சரியாகவே காட்டும். மெக்கானிக்கும், "தரையில் சோதித்தேன், சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் குறை அப்படியே இருக்கிறது.

உலோகத்தில் விரிசல்

1976 அக்டோபர் 12-ஆம் தேதி நம் ஊர்க்காரர்கள் பலர் மறக்காத நாள். பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானம் மேலே ஏறிய சிறிது நேரத்தில் எஞ்சின் வெடித்து, திரும்பி இறங்க முயலும்போது விழுந்தது. விமானத்தில் இருந்த 95 பேரும் இறந்தார்கள். 'பத்ரகாளி' படத்தில் நடித்த ராணி சந்திராவும் அவர்களில் ஒருவர். முதலில் போக வேண்டிய போயிங் 737-இல் எஞ்சின் கோளாறு என்பதால் பயணிகளை இந்தக் காரவெல்லுக்கு மாற்றியிருந்தார்கள் என்பது விதியின் விளையாட்டு. எஞ்சினின் கம்ப்ரெஸர் தட்டு ஒன்றில் உலோகச் சோர்வால் ஏற்பட்ட விரிசலே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. தட்டு சிதறி எரிபொருள் குழாயை அறுத்தது, தீப்பிடித்தது, ஹைட்ராலிக் எண்ணெய் போனதும் விமானம் பைலட்டின் கையை விட்டுப் போய்விட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வகை விரிசலைக் கண்டுபிடிக்க இன்றைக்கு அல்ட்ராசானிக் இருக்கிறது, எட்டி கரண்ட் இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழையைக்கூடக் கருவி காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு மனிதர் சொன்னதற்கும் இன்னொரு மனிதர் புரிந்துகொண்டதற்கும் நடுவே விழுகிற விரிசலுக்கு இன்னும் கருவி வரவில்லை. பின்னால் வந்த பெரிய விபத்துகள் சிலவற்றை எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

நாற்பத்தேழு ஸ்க்ரூக்கள்

1991 செப்டம்பர் 11, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம். கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் சிறிய விமானம் ஒன்று ஈகிள் லேக் என்ற இடத்தில் வானத்திலேயே உடைந்து விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு அதன் வால் இறக்கையில் பனி உதிர்க்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை நடந்தது. மாலை ஷிப்டில் இருந்தவர்கள் இடப்பக்க வால் இறக்கையின் மேற்புறமிருந்து 47 ஸ்க்ரூக்களைக் கழற்றினார்கள். ஷிப்ட் முடிந்தது. இரவு ஷிப்டு வந்தது. வலப்பக்க வேலையை ஒழுங்காக முடித்தார்கள். இடப்பக்கத்தில் கை வைத்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லவில்லை. மேற்புறத்து ஸ்க்ரூ என்பதால் தரையில் நிற்பவர் கண்ணுக்கும் படாது. காலையில் விமானம் கிளம்பிவிட்டது.

ஸ்க்ரூக்கள் எங்கேயும் தொலைந்து போகவில்லை. ஒரு பையில் பத்திரமாகத்தான் இருந்தன. தொலைந்தது ஒரு வாக்கியம்.

இருபத்து மூன்று முறை

2014 டிசம்பர் 28. சுரபயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போன ஏர் ஏஷியா ஏ-320 ஜாவா கடலில் விழுந்தது, 162 பேர் இறந்தார்கள். பின்பக்கச் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் ஒரு பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தது. அந்தப் பெட்டியைப் பற்றிய புகார் அதற்கு முந்தைய 12 மாதங்களில் 23 முறை பதிவாகியிருந்தது! ஒவ்வொரு முறையும் ஏதோ செய்து, சோதித்து, 'சரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பதிவையும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். அத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொரு விஷயமும் விசாரணையில் வந்தது. விபத்துக்கு மூன்று நாள் முன்பு, அதே கேப்டன் தரையில் இருந்தபோது ஒரு மெக்கானிக் அந்தக் கருவியின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து மறுபடி அழுத்திக் குறையைப் போக்குவதைப் பார்த்தார். "நானும் இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார். திரையில் அப்படிச் செய்யச் சொன்னால் செய்யலாம் என்ற பொருளில் பதில் வந்தது. கடைசிப் பயணத்தில் எச்சரிக்கை நான்காவது முறையாக வந்தபோது, பறந்துகொண்டிருக்கும்போதே பிரேக்கரை இழுத்திருக்கிறார்கள் என்பதே விசாரணையின் முடிவு. ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. அதன் பிறகு விமானத்தை அவர்களால் மீட்க முடியவில்லை. தரையில் மருந்தாக இருந்தது வானத்தில் விஷமாகிவிட்டது. இருவரும் பேசத்தான் செய்தார்கள். ஆனால் பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

எழுதாமல் விட்ட ஒரு வரி

2018 அக்டோபர் 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் விழுந்த லயன் ஏர் விமானத்தின் கேப்டன் ஓர் இந்தியர். 189 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த போயிங் 737 மேக்ஸ் ரகத்தில் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் ஒரு மென்பொருளைப் பொருத்திவிட்டு, பைலட்டுகளின் கையேட்டில் அதைப் பற்றி எழுதாமல் விட்டது போயிங் கம்பெனி. முதல் குற்றம் அங்கேதான், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் முந்தைய இரவு என்ன நடந்தது என்பதையும் நாம் படிக்க வேண்டும். அதே விமானம் தென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்கு வந்தது. காற்று வரும் கோணத்தைக் காட்டும் உணர்கருவியை அதற்குச் சற்று முன்தான் மாற்றியிருந்தார்கள். மாற்றிய கருவி 21 டிகிரி தவறாகக் காட்டியது. மேலே ஏறியதிலிருந்து கேப்டனின் கைப்பிடி அபாய எச்சரிக்கையாக உதறிக்கொண்டே இருந்தது, மூக்கு தானாகக் கீழே இழுத்தது. அந்தப் பைலட்டுகள் சாமர்த்தியமாக ஒரு சுவிட்சை அணைத்து, கையாலேயே சமாளித்து இறக்கிவிட்டார்கள். இறங்கிய பின் நோட்டில் வேகமும் உயரமும் இரண்டு பக்கத்துக் கருவிகளில் ஒத்துப்போகவில்லை என்று எழுதினார்கள். கைப்பிடி உதறியதையும் சுவிட்சை அணைத்ததையும் எழுதவில்லை. மெக்கானிக் எழுதியிருந்ததைப் படித்தார். அதற்கேற்பக் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்து, இணைப்பைத் துடைத்து, சோதித்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை வந்த பைலட்டுகள் முந்தைய நாள் கண்டுபிடித்த மருந்து தெரியாமலேயே ஏறி உட்கார்ந்தார்கள்.

நம் வீட்டுக் கதை

வெளிநாட்டுக் கதை போதும், நம் ஊரைப் பார்ப்போம். 2015 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு மும்பை விமான நிலையம். ஹைதராபாத் போக வேண்டிய ஏர் இந்தியா ஏ-319 விமானத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, ஹெட்செட்டோடு அருகில் நின்றிருந்தார் ஒரு டெக்னீஷியன். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தரையிலிருந்து வர வேண்டிய கடைசி 'போகலாம்' சைகை வருமுன்பே, வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு விமானத்தை நகர்த்தினார்கள். அந்த மனிதரை எஞ்சின் இழுத்துக்கொண்டது. அன்றைக்கு ஒரு நட்டும் கழலவில்லை, ஒரு கருவியும் பழுதாகவில்லை. தவறிப்போனது ஒரு சைகை மட்டுமே.

2022 ஜூலையில் டி.ஜி.சி.ஏ. பல விமான நிறுவனங்களில் திடீர்ச் சோதனை நடத்தியது. பதிவான குறையின் காரணத்தைச் சரியாகக் கண்டறியாதது, எம்.இ.எல். சலுகையில் விமானங்களை விடுவிப்பது அதிகமானது, இடை நிலையங்களில் உரிய லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் இல்லாதது ஆகியவற்றைக் குறிப்பிட்டு உத்தரவு போட்டது. அதாவது நோட்டு இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது, படித்துப் புரிந்துகொள்ள ஆளும் நேரமும்தான் குறைந்துவிட்டன.

2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத் விபத்துக்குப் பிறகு வந்த முதற்கட்ட அறிக்கையை நான் படித்தேன். அந்தக் காரணங்களுக்குள் இங்கே நான் போகவில்லை. ஆனால் அதிலும் ஒரு வரி இருக்கிறது: முந்தைய பயணத்தில் அந்த விமானத்தை ஓட்டிவந்த பைலட் ஒரு குறையை எழுதியிருந்தார், இன்ஜினியர் அதைப் பார்த்து விமானத்தை விடுவித்தார். எந்த விபத்தானாலும் விசாரணைக்காரர்கள் முதலில் புரட்டும் பக்கங்களில் இதுவும் ஒன்று.

ஏன் பேசுவதில்லை?

கனடா போக்குவரத்துத் துறையில் இருந்த கார்டன் டுபான்ட் என்பவர் 1993-இல் பராமரிப்பில் மனிதர் தவறுவதற்கான பன்னிரண்டு காரணங்களைத் தொகுத்தார். உலகத்து ஹாங்கர்களில் எல்லாம் அது சுவரில் தொங்குகிறது. பட்டியலில் முதலில் நிற்பது 'தகவல் பரிமாற்றக் குறைவு'. களைப்பு, அவசரம், நெருக்கடி எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

நான் பார்த்த வரையில் காரணங்கள் எளியவை. முதலாவது நேரம். விமானம் வந்து மறுபடி கிளம்ப அரை மணி, முக்கால் மணி. பைலட் அடுத்த பயணத்துக்கு ஓடுகிறார், அல்லது வீட்டுக்கு. இரண்டாவது அந்தஸ்து. நான்கு பட்டை போட்ட கேப்டனிடம் கிரீஸ் கையோடு போய், "சார், நீங்க எழுதினது புரியலை, இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்க நம் பிள்ளைகளுக்கு வாய் வருவதில்லை. மூன்றாவது பயம். விவரமாக எழுதினால் "ஏன் அப்படிப் பறந்தாய், ஏன் அதைத் தொட்டாய்" என்று மேலே கேட்பார்களே என்ற பயம். எங்கே தண்டனை பயம் அதிகமோ அங்கே நோட்டில் வரிகள் சுருங்கிவிடும். இது எழுதாத விதி.

மருந்தும் எளியதுதான். பைலட் 'சரியில்லை' என்று எழுதாமல் எப்போது, எந்த உயரத்தில், எந்த வேகத்தில், நான் என்ன செய்தேன், செய்ததும் என்ன ஆனது என்று ஐந்தையும் எழுத வேண்டும். மெக்கானிக் புரியாவிட்டால் கேட்க வேண்டும், பைலட் போய்விட்டால் போன் போட்டுக் கேட்க வேண்டும். ஒரே புகார் மூன்றாவது முறை வந்தால் அது புதுப் புகார் இல்லை, பழைய வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

நெய்வேலிக்கும் இதே கதைதான்

இதைப் படிக்கும் நம் பழைய மாணவர்களில் விமானத்தைத் தொடுகிறவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் அனல்மின் நிலையம், சுரங்கம், சர்க்கரை ஆலை, மின் வாரியம் என்று இருக்கிறீர்கள். உங்களிடமும் அதே நோட்டு இருக்கிறது, ஷிப்ட் லாக் என்ற பெயரில். ஓட்டுகிறவர் ஒருவர், பழுது பார்ப்பவர் வேறொருவர். பெர்மிட் எழுதுவது, லைன் கிளியர் கொடுப்பது, திரும்ப ஒப்படைப்பது எல்லாம் அதே பைலட் – மெக்கானிக் உறவுதான்.

2020 ஜூலை 1-ஆம் தேதி நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் பாய்லர் வெடித்தது. அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள், பின்னர் எண்ணிக்கை கூடியது. அதற்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 7-ஆம் தேதி அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர் விபத்து. காரணங்களை அலச நான் ஆளில்லை, அது விசாரணை செய்தவர்கள் வேலை. ஆனால் ஜூலை விபத்து, நிறுத்தி வைத்திருந்த யூனிட்டை மீண்டும் ஓட்டத்துக்குக் கொண்டுவரும் வேளையில் நடந்தது என்று அன்றைய செய்திகள் சொல்லின. விமானமோ பாய்லரோ, பழுது பார்ப்பவர் கையிலிருந்து ஓட்டுகிறவர் கைக்கு எந்திரம் மாறுகிற அந்த நேரம் எப்போதுமே கவனம் தேவைப்படுகிற நேரம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்த வாரம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஷிப்டுக்குப் போன மனிதர் திரும்பி வருவார் என்று எல்லா வீட்டிலும் நம்பித்தான் சோறு வைத்திருப்பார்கள்.

என் அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருந்தார். ஷிப்ட் முடிந்தாலும் அடுத்த ஆள் வந்து, முகத்தைப் பார்த்து, விவரம் சொல்லாமல் பஸ் ஏற மாட்டார். "எழுதி வெச்சா மட்டும் போதாதுடா, அவன் படிச்சானான்னு பாக்கணும்" என்பார். பிற்பாடு எனக்குப் பயிற்சி வகுப்பில் நாலு நாள் சொல்லிக் கொடுத்ததன் சாரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. லேப் ரெகார்டில் ரீடிங் எடுக்காமலே 'அப்சர்வேஷன்' நிரப்புவது எல்லாக் கல்லூரியிலும் உள்ள கலை. அந்தக் கலையை மட்டும் வேலைக்குக் கொண்டு போகாதீர்கள். 'சரி பார்க்கப்பட்டது' என்று எழுதும்போது எதை, எப்படிப் பார்த்தீர்கள் என்று இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதை எழுத அரை நிமிடம் ஆகும். அடுத்த ஷிப்டில் வருகிற, உங்களுக்கு முகம் தெரியாத ஒருவர் அந்த வரியை நம்பித்தான் சுவிட்சைப் போடப் போகிறார்.